கொமோடோ படகுப் பயணம்: எந்த ரூபாயை மிச்சம் பிடிக்கணும், எந்த ரூபாயைத் தொடவே கூடாது?



சனிக்கிழமை ராத்திரி. சாப்பிட்டு முடிச்சு போனைக் கையில எடுக்கறீங்க. ஒரு ரீல் ஓடுது. பச்சை மலை, நடுவுல நீலக் கடல், அதுல ரெண்டு பாய்மரம் வச்ச ஒரு மரப் படகு. மேல்தளத்துல நம்ம வயசுப் பசங்க நாலு பேர் காபி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கீழ இளஞ்சிவப்பு நிறத்துல ஒரு கடற்கரை. அடுத்த ரீலே ஒரு விளம்பரம்: "இப்பவே கிளம்புங்க, மெதுவா இஎம்ஐல கட்டுங்க."

"நம்ம சம்பளத்துக்கு யாட் பயணம் எல்லாம் சாத்தியமா ப்ரோ?"ன்னு நம்ம சேனல்ல நிறைய பேர் கேட்டிருக்கீங்க. சாத்தியம்தான். யாட்னா கோடீஸ்வரங்க சமாச்சாரம்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. தனிப் படகு எடுத்தா அப்படித்தான். ஆனா இந்தோனேசியாவுல கொமோடோ தீவுகளைச் சுற்றி, ஒரு அறைக்கோ ஒரு படுக்கைக்கோ மட்டும் காசு கொடுத்து மூணு நாள் போற பகிர்வுப் படகுகள் இருக்கு. மாசம் 45,000 கையில வாங்குறவர் கடன் வாங்காம போயிட்டு வரலாம்.

ஆனா ஒரு விஷயம். இந்தப் பயணத்துல சில இடத்துல தாராளமா கஞ்சத்தனம் பண்ணலாம். சில இடத்துல பண்ணா உயிருக்கே ஆபத்து. நம்மில் பல பேர் இதைத் தலைகீழா செய்யறோம். வங்கிக்கு வட்டி கட்டத் தயங்கறதில்ல, நல்ல படகுக்கு பத்தாயிரம் கூடக் கொடுக்க மட்டும் யோசிக்கறோம். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

முதல்ல, இடம் எது?

பாலிக்குக் கிழக்கே ஃபுளோரஸ்னு ஒரு பெரிய தீவு. அதோட மேற்கு முனையில இருக்கற துறைமுக ஊர் லாபுவான் பாஜோ. பாலியிலிருந்து விமானத்துல ஏறத்தாழ ஒரு மணி நேரம். கொமோடோ, ரின்சா, பாடார் ஆகிய மூணு பெரிய தீவுகளும் பல சின்னத் தீவுகளும் சேர்ந்தது கொமோடோ தேசியப் பூங்கா. 1980-ல் அமைக்கப்பட்டது, 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகத்துலயே பெரிய பல்லி இனமான கொமோடோ டிராகன் காட்டுல வாழறது இங்கேயும் பக்கத்துல ஃபுளோரஸ்லயும்தான். வளர்ந்த ஆண் மூணு மீட்டர் நீளம் வரைக்கும் வரும்.

நீங்க ஏறப் போற மரப் படகுக்குப் பேரு பினிசி. தெற்கு சுலவேசியில தலைமுறை தலைமுறையா கடற்கரையிலேயே வச்சு கட்டற படகு வகை. அந்தப் படகு கட்டும் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்துல சரக்கு ஏத்திக்கிட்டுப் போன படகு. இப்போ ஏசி அறை வச்சு சுற்றுலாவுக்கு ஓடுது. பாய் இருந்தாலும் பெரும்பாலும் இன்ஜின்லதான் போகும். ரீல்ல பாய் விரிச்சிருப்பாங்க, அது போட்டோவுக்கு!

மூணு நாள்ல என்ன நடக்கும்?

படகுக்குப் படகு திட்டம் கொஞ்சம் மாறும். பொதுவா இப்படி இருக்கும்.

முதல் நாள் லாபுவான் பாஜோவுல ஏறுவீங்க. கேலோர் மாதிரி ஒரு சின்னத் தீவுல முதல் ஸ்நார்கெலிங். சாயங்காலம் கலோங் தீவுக்குப் பக்கத்துல நங்கூரம் போடுவாங்க. இருட்டற நேரத்துல ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் அலையலையா கிளம்பி, தலைக்கு மேல பறந்து போகும். கலோங்னாலே அவங்க மொழியில பழந்தின்னி வௌவால்தான்.

ரெண்டாம் நாள் விடியறதுக்கு முன்னாடி எழுப்பிடுவாங்க. பாடார் தீவுல படியேறிப் போய் சூரிய உதயம். ரீல்ல பார்த்த அந்த வளைவு வளைவான கடற்கரைகள் இங்கேதான். அப்புறம் பிங்க் பீச். சிவப்பு ஓடுள்ள ஃபோராமினிஃபெரா என்கிற நுண்ணுயிர்களோட துகள் வெள்ளை மணல்ல கலக்கறதால அந்த நிறம். வெயில்ல கண்ணுக்கு லேசான ரோஸ்தான் தெரியும். ரீல்ல தெரியற அடர் ரோஸ் ஃபில்டர் உபயம். பிறகு கொமோடோ தீவுல ரேஞ்சர் கூட நடை. ரேஞ்சர் கையில கவட்டை மாதிரி நுனி பிரிஞ்ச ஒரு நீளக் கம்பு இருக்கும். உடம்புல ரத்தக் காயம் இருந்தாலோ, மாதவிடாய் நாளா இருந்தாலோ முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லணும். டிராகனுக்கு மோப்ப சக்தி ரொம்ப அதிகம். வெட்கப்படற விஷயம் இல்ல இது, பாதுகாப்பு விஷயம்.

மத்தியானம் மான்டா பாயின்ட். மான்டா திருக்கைங்கறது ரெக்கை விரிச்சா மூணு மீட்டருக்கு மேல வர்ற பிரம்மாண்டமான மீன். நம்ம ஊர்ல மீனவர்கள் பயப்படற திருக்கை மாதிரி வால்ல விஷ முள் கிடையாது. இங்கே நீங்க நீந்தறதே இல்ல. நீரோட்டம் உங்களை இழுத்துக்கிட்டுப் போகும், கீழ மான்டா போகும், கொஞ்ச தூரத்துல சின்னப் படகு வந்து உங்களை ஏத்திக்கும்.

மூணாம் நாள் சியாபா மாதிரி ஒரு இடத்துல கடல் ஆமைகளோட கடைசி ஸ்நார்கெலிங், மத்தியானம் கரைக்குத் திரும்பிடுவீங்க.

சரி, காசுக்கு வருவோம்

இது நான் வைக்கற பட்ஜெட். சென்னையிலிருந்து ஒருத்தருக்கு, எட்டு நாள் பயணம். ஒரு இந்திய ரூபாய்க்கு 185 இந்தோனேசிய ரூபியான்னு கணக்கு எடுத்திருக்கேன். நீங்க போற மாசத்து விலையைப் போட்டு இதை மாத்திக்கோங்க.

- சென்னை - பாலி, போக வர விமானம்: 32,000
- பாலி - லாபுவான் பாஜோ, போக வர: 12,000
- இந்தோனேசிய விசா 5 லட்சம் ரூபியா, பாலி சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா: 3,500
- மூணு நாள் பகிர்வுப் படகு, சாப்பாட்டோட, 45 லட்சம் ரூபியா: 24,500
- பூங்கா நுழைவு, ரேஞ்சர் கட்டணங்கள்: 5,000
- லாபுவான் பாஜோவுலயும் பாலியிலயும் ஐந்து ராத்திரி தங்கல்: 9,000
- மத்த நாள் சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து: 8,000
- பயணக் காப்பீடு: 1,500
- கிராமத்துல வாங்கறதுக்கும் படகு ஊழியர்களுக்கு டிப்ஸும்: 3,000
- எதிர்பாராத செலவு: 9,500

மொத்தம் 1,08,000 ரூபாய்.

ரீல்ல சொல்றது இதுல ஒரே ஒரு வரிதான், படகு வரி. "யாட்ல மூணு நாள் வெறும் 13,500"னு போட்டிருப்பாங்க. பொய் இல்ல. 25 லட்சம் ரூபியாவுக்கும் படகு கிடைக்கும். ஆனா படகு உங்க மொத்தச் செலவுல கால் பங்கு கூட இல்ல. அங்கே போய்ச் சேர்றதுக்குத்தான் கிட்டத்தட்ட பாதிக் காசு. பூங்காக் கட்டணத்தைப் பல படகுகள் விலையில சேர்க்காம தனியா வாங்குவாங்க. அந்தக் கட்டணமும் அடிக்கடி மாறும், வெளிநாட்டவருக்கு ரேட் தனி. "எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு கேட்காம முன்பணம் அனுப்பாதீங்க.

இஎம்ஐல போனா என்ன ஆகும்?

இதே 1,08,000-ஐ 14% வட்டியில ரெண்டு வருஷ பர்சனல் லோனா எடுக்கறீங்கன்னு வைங்க. மாசம் சுமார் 5,185 ரூபாய். பெருசா தெரியாது. ரெண்டு வருஷத்துல வட்டி மட்டும் சுமார் 16,450. செயலாக்கக் கட்டணம் 2%, அதுக்கு 18% ஜிஎஸ்டி, அது ஒரு 2,550. மொத்தம் 19,000 ரூபாய் வங்கிக்குப் போகுது.

இந்த 19,000-ஐ மனசுல குறிச்சு வச்சுக்கோங்க.

சாதாரண படகுக்கும் நல்ல படகுக்கும் வித்தியாசம் 20 லட்சம் ரூபியா. நம்ம காசுல 10,800. அதாவது இஎம்ஐல போறவர் வங்கிக்குக் கொடுக்கற வட்டியில, நல்ல படகுக்கு மாறி, காப்பீட்டையும் ஒரு படி ஏத்தி, கிராமத்துல தாராளமா செலவு பண்ணியும் மீதி வச்சிருக்கலாம். ஆனா நடைமுறையில என்ன நடக்கும்? இஎம்ஐ பாரம் இருக்கறதால, "படகுலயாவது கொஞ்சம் குறைப்போம்"னு அதே ஆள் மலிவான படகைத் தேடுவார். தப்பான இடத்துல செலவு, தப்பான இடத்துல சிக்கனம்.

கிரெடிட் கார்டுல தேச்சு மினிமம் டியூ மட்டும் கட்டினா கதை இன்னும் மோசம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டிடும்.

அப்போ எப்படி சேர்க்கறது?

1,08,000-ஐ 12-ஆல வகுங்க. மாசம் 9,000. கையில 45,000 வாங்கறவருக்கு இது சரியா 20%. வீட்டுக்கு அனுப்பற பணம், வாடகை எல்லாம் போக 9,000 முடியாதுன்னா 18 மாசம் ஆக்குங்க, மாசம் 6,000. தள்ளிப் போறது அவமானம் இல்ல. டிராகன் எங்கேயும் ஓடிடாது.

இந்தப் பணத்தை ஆர்டி அல்லது லிக்விட் ஃபண்டுல போடுங்க. ஒரு வருஷத்துல எடுக்கப் போற காசை ஷேர்லயும் ஈக்விட்டி ஃபண்டுலயும் போடாதீங்க. டிக்கெட் போடற மாசம் பார்த்து மார்க்கெட் விழுந்தா, பயணமும் போச்சு, முதலும் போச்சு. சம்பள அக்கவுன்ட்லயே விட்டு வைக்கவும் வேண்டாம். அங்கே கிடக்கற காசுக்குக் கால் முளைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னும் மூணு சின்ன இடம். இங்கெல்லாம் தாராளமா மிச்சம் பிடிக்கலாம்.

ஒண்ணு, கார்டு. பல கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5% மார்க்கப் போடும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டும் இருக்கு, கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி வைங்க. கடையில "இந்திய ரூபாயிலேயே கட்டறீங்களா?"ன்னு மெஷின் கேட்டா வேண்டாம்னு சொல்லி ரூபியாவுலயே கட்டுங்க. மெஷின் போடற மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

ரெண்டு, டிசிஎஸ். இங்கேயே ஒரு ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, வாங்கற அன்னிக்கு என்னன்னு பார்த்துக்கோங்க. இது செலவு இல்ல, உங்க பான் பேர்ல அரசுகிட்ட போற முன்பணம். 26ஏஎஸ்ல வந்திருக்கான்னு பார்த்து, வருமான வரிக் கணக்குல காட்டித் திரும்ப வாங்கலாம். நிறைய பேர் இதைக் கேட்காமலே விட்டுடறாங்க.

மூணு, மாசம். ஏப்ரல்லிருந்து நவம்பர் வரைக்கும் வறண்ட காலம். ஜூலை, ஆகஸ்ட்ல கூட்டமும் விலையும் உச்சம். மே, ஜூன் இல்லன்னா செப்டம்பர், அக்டோபர் நமக்கு நல்லது. "ஜனவரியில படகு மலிவா கிடைக்குது"ன்னு போகாதீங்க. அது மழையும் காத்தும் பலமா இருக்கற நேரம். அலை மோசமானா துறைமுக அதிகாரிகள் படகு கிளம்பவே அனுமதி தர மாட்டாங்க. அறைக்குள்ள உட்கார்ந்து மழையைப் பார்க்க 1,08,000 வேண்டாம்.

நண்பர்கள் சேர்ந்து தனிப் படகு எடுத்தா?

"மச்சி, பத்து பேர் சேர்ந்தா தனிப் படகே எடுக்கலாம்டா"ன்னு ஒருத்தன் குரூப்ல போடுவான். கணக்கு சரிதான். 4.5 கோடி ரூபியான்னு ஒரு தனிப் படகு சொன்னா (கோடின்னு பயப்படாதீங்க, நம்ம காசுல சுமார் 2,43,000) பத்து பேருக்கு ஆளுக்கு 24,300. பகிர்வுப் படகு விலையேதான்.

ஆனா கிளம்பறதுக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஒருத்தனுக்கு லீவ் கிடைக்காது, இன்னொருத்தனுக்கு வீட்டுல கல்யாணம். எட்டு பேர் ஆனா ஆளுக்கு 30,400. திடீர்னு 6,100 கூடுது. அதைக் கேட்டு மூணாவது ஆளும் நழுவுவான். கடைசியில யார் பேர்ல புக் பண்ணாங்களோ அவங்க கார்டுல விழும்.

அதனால குரூப்ல "நான் ரெடி"ன்னு தம்ஸ்-அப் போட்டதை எல்லாம் கணக்குல எடுக்காதீங்க. முன்பணம் கையில கொடுத்தவர்தான் வர்றவர். "வரலைன்னா முன்பணம் திரும்பாது"ன்னு முதல் நாளே சொல்லிடுங்க. நட்பும் தப்பிக்கும்.

தொடவே கூடாத முதல் ரூபாய்: பாதுகாப்பு

இந்தத் தீவுகளுக்கு நடுவுல இருக்கற நீரிணைகள் பசிபிக் பக்கத்துத் தண்ணியும் இந்தியப் பெருங்கடல் தண்ணியும் மோதற வழி. அதனாலதான் இவ்வளவு மீன், இவ்வளவு மான்டா. அதே காரணத்தாலதான் நீரோட்டமும் கடுமை. இந்தப் பகுதியில சுற்றுலாப் படகுகள் மூழ்கி உயிர் போன சம்பவங்களும் நடந்திருக்கு. பயமுறுத்தச் சொல்லல. எதுக்குக் காசு கொடுக்கறோம்னு தெரியணும்னு சொல்றேன்.

முன்பணம் அனுப்பறதுக்கு முன்னாடி வாட்ஸ்ஆப்ல இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. லைஃப் ஜாக்கெட் எத்தனை? பயணிகள், ஊழியர்கள் எல்லாருக்கும் சேர்த்து இருக்கா? எங்கே வச்சிருக்காங்க? போட்டோ அனுப்பச் சொல்லுங்க.
2. உயிர்காப்பு மிதவை, ரேடியோ, தீயணைப்புக் கருவி இருக்கா?
3. துறைமுக அனுமதி வாங்கித்தான் கிளம்புவீங்களா? பயணிகள் பட்டியல்ல என் பேர் இருக்குமா?
4. என் அறைக்கு எத்தனை வெளிவழி? ராத்திரியில படகு ஓடுமா, நங்கூரம் போட்டு நிக்குமா?
5. ஸ்நார்கெலிங் பண்ணும்போது தண்ணிக்குள்ள கூட ஒரு வழிகாட்டி இறங்குவாரா?
6. துறைமுகத்தை மூடிட்டா என் காசு என்ன ஆகும்? முழுசா திரும்புமா, வேற தேதி கிடைக்குமா?

நல்ல படகுக்காரர் இதுக்கெல்லாம் கோபப்பட மாட்டார். தினமும் கேட்கற கேள்விதான். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு மழுப்பினா, அந்தப் படகு எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. படகுல ஏறின உடனே செல்ஃபிக்கு முன்னாடி லைஃப் ஜாக்கெட் எங்கேன்னு கண்ணால பாருங்க.

நீச்சல் தெரியாதா? நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஒத்துக்கறதுல தப்பில்ல. லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டி பக்கத்துல இருந்தா அமைதியான தண்ணியில ஸ்நார்கெலிங் பண்ணலாம். ஆனா மான்டா பாயின்ட் மாதிரி நீரோட்டம் இருக்கற இடத்துல "காசு கொடுத்தாச்சே"ன்னு குதிக்காதீங்க. கொடுத்த காசு எப்படியும் திரும்பி வராது. அதுக்காக உயிரைப் பணயம் வைக்கறது கெட்ட கணக்கு. உங்களுக்கு 12 மாசம் சேமிப்பு நேரம் இருக்கு. அதுல ரெண்டு மாசம் பக்கத்துல இருக்கற நீச்சல் குளத்துல பயிற்சி எடுங்க. மொத்த பட்ஜெட்லயே நல்ல வருமானம் தர்ற முதலீடு அதுதான்.

காப்பீடு வாங்கும்போது "ஸ்நார்கெலிங், படகுப் பயணம் ரெண்டும் கவர் ஆகுமா? தீவுலயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற செலவு வருமா?"ன்னு மின்னஞ்சல்ல கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல ஏஜென்ட் சொன்ன "ஆமா சார்" க்ளைம் அன்னிக்குச் செல்லாது.

தொடவே கூடாத ரெண்டாவது ரூபாய்: கிராமம்

கொமோடோ தீவுல டிராகன் மட்டும் இல்ல. கடலோரமா, தூண்கள் மேல உயர்த்திக் கட்டின மர வீடுகளோட ஒரு கிராமம் இருக்கு. ஏறத்தாழ 2,000 பேர் வாழறாங்க. பல படகுகள் ரேஞ்சர் நடை முடிஞ்சதும் அடுத்த பீச்சுக்கு ஓடிடும். "கொமோடோ கிராமத்துக்கும் போகணும்"னு புக் பண்ணும்போதே கேளுங்க.

அந்த மக்கள் டிராகனை ஓரான்னு கூப்பிடறாங்க. அவங்க கதையில ஒரு இளவரசிக்கு இரட்டைக் குழந்தை. ஒண்ணு மனுஷக் குழந்தை, ஒண்ணு ஓரா. அதனால ஓரா அவங்களுக்கு உடன்பிறப்பு. பல தலைமுறையா மீன்பிடிச்சு வாழ்ந்தவங்க. பூங்காவும் சுற்றுலாவும் வந்த பிறகு நிறைய பேர் மரத்துல டிராகன் பொம்மை செதுக்கறது, நினைவுப் பொருள் விக்கறது, படகு, வழிகாட்டி வேலைன்னு மாறிட்டாங்க.

2019-ல் மாகாண அரசு ஒரு அறிவிப்பு விட்டது. 2020-ல் கொமோடோ தீவை ஒரு வருஷம் மூடுவோம், கிராமத்து மக்களையும் வேற இடத்துக்கு மாத்துவோம்னு. மக்கள் எதிர்த்தாங்க, கடைசியில திட்டம் கைவிடப்பட்டது. ஆனா 2020-ல் கொரோனா வந்து சுற்றுலாவே நின்னுபோச்சு. அப்புறம் 2022-ல் கொமோடோ, பாடார் தீவுகளுக்கான கட்டணத்தை 37.5 லட்சம் ரூபியாவா, நம்ம காசுல 20,000 ரூபாய்க்கு மேல, உயர்த்தப் போறதா அறிவிச்சாங்க. இவ்வளவு கட்டணம்னா சாதாரணப் பயணிகள் வரமாட்டாங்கன்னு லாபுவான் பாஜோவுல சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. உயர்வு முதல்ல தள்ளிப்போச்சு, பிறகு கைவிடப்பட்டது.

மூணு வருஷத்துல மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குடும்பங்களோட ஒரே வருமானம், அவங்க கையில இல்லாத ஒரு முடிவால ஆட்டம் கண்டிருக்கு.

இப்போ உங்க விஷயத்துக்கு வாங்க. உங்களுக்கும் ஒரே வருமானம்தானே? மாசக் கடைசியில வர்ற அந்த ஒரு எஸ்எம்எஸ். நம்ம கையில இல்லாத ஒரு முடிவு, எங்கேயோ ஒரு மீட்டிங்ல எடுத்தா அதுவும் நிக்கும். கொமோடோ கிராமத்துல பொம்மை செதுக்கறவருக்கும் ஐடி பார்க்ல டிக்கெட் மூடறவருக்கும் இந்த விஷயத்துல பெரிய வித்தியாசம் இல்ல. அவங்கள்ல பல பேருக்குத் திரும்பிப் போக கடலாவது இருக்கு. நமக்கு எமர்ஜென்சி ஃபண்டு மட்டும்தான்.

அதனால வரிசை இது: கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யம், குறைஞ்சது நாலு மாசச் செலவு எமர்ஜென்சி ஃபண்டுல, வீட்டுல எல்லாருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். இந்த மூணும் முடிஞ்ச பிறகுதான் மாசம் 9,000 கொமோடோவுக்கு. அப்பாவோட மருந்து செலவுக்கும் தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கும் வச்ச காசுல கை வச்சுட்டுப் போனா, பிங்க் பீச்சுல நின்னாலும் மனசு வீட்டுலதான் நிக்கும்.

கிராமத்துக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடற மாதிரி துணி போட்டுக்கோங்க. முஸ்லிம் கிராமம். ஸ்நார்கெலிங் உடையிலயே நடக்கறது மரியாதை இல்ல. வீட்டையும் குழந்தைகளையும் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. குழந்தைங்க கையில காசோ மிட்டாயோ திணிக்காதீங்க. அதுக்குப் பதிலா செதுக்கறவர்கிட்டயே பொம்மை வாங்குங்க, கிராமத்துக் கடையில ஒரு இளநீர் குடிங்க.

பேரம்? பேசலாம், சிரிச்சுக்கிட்டே பேசலாம். ஆனா ஒரு லட்சம் ரூபியா சொன்ன பொம்மையை 70,000-க்கு இறக்கினா உங்களுக்கு மிச்சம் 160 ரூபாய். விமான நிலையத்துல ஒரு காபி விலை கூட இல்ல. மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு வாங்கினாலே அதைவிட எத்தனையோ மடங்கு மிச்சம். வங்கிகிட்ட பேரம் பேசாம பொம்மை செதுக்கறவர்கிட்ட மட்டும் பேசறது என்ன நியாயம், சொல்லுங்க?

கடைசியா ஒரு வேலை

இந்தப் பக்கத்தை மூடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க. போன்ல கால்குலேட்டரைத் திறந்து உங்க ஒரு மாசச் செலவை நாலால பெருக்குங்க. அந்தத் தொகை உங்ககிட்ட இருக்கா?

இல்லன்னா இந்த வருஷம் அதுதான் உங்க பயணம். கொமோடோ அடுத்த வருஷம். இருக்குன்னா இன்னிக்கே 9,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. சம்பளம் வந்த மறுநாள் தேதி போடுங்க. ஆப்ல பேர் வைக்க இடம் இருந்தா "ஓரா"ன்னு வைங்க. சேல் வர்ற ஒவ்வொரு தடவையும் அதை உடைக்கத் தோணும், அப்போ பேரைப் பாருங்க.

12 மாசம் கழிச்சு விடியக்காலையில பாடார் மலை மேல மூச்சு வாங்க நிக்கும்போது உங்க போன் அடிக்கும். எடுத்துப் பார்த்தா அது இஎம்ஐ நினைவூட்டலா இருக்கக் கூடாது. வீட்டுலயிருந்து அம்மா "சாப்பிட்டியா?"ன்னு கேட்கற போனா இருக்கட்டும்.

உங்க பட்ஜெட்ல எந்த வரி இடிக்குதுன்னு எழுதுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்குப் போடுவோம்.